எரிக் ராஜா போன வழியில்: ஹெல்சிங்கோர் முதல் தார்வோவோ வரை

செப்டம்பர் 1, திங்கள். ஹெல்சிங்கோர், டென்மார்க்

ரயிலை விட்டு இறங்கியதும் காற்று ஆளைத் தள்ளியது. நல்ல வெயில்தான், ஆனாலும் அதை நம்பி ஜாக்கெட்டைக் கழற்ற முடியவில்லை. நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடக்கும் வழி முழுக்க எதிர்க்கரை கூடவே வருகிறது. அது ஸ்வீடன். நடுவில் இருக்கும் கடல் 4 கிலோமீட்டர்தான். எரிக் ராஜாவைத் தூக்கி நிறுத்தியதும் இந்த நாலு கிலோமீட்டர்தான், கவிழ்த்ததும் இதுதான் என்பது என் எண்ணம். அதனால்தான் பயணத்தை இங்கிருந்து தொடங்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

எரிக் டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றுக்கும் ஒரே அரசராக இருந்தவர். மூன்று நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவரை அரியணையிலிருந்து இறக்கின. பிறந்தது 1382 வாக்கில், பால்டிக் கடலின் தென்கரையில் இருக்கும் பொமரேனியாவில். பெற்றோர் வைத்த பெயர் பொகிஸ்லாவ். டென்மார்க்கை ஆண்ட மார்கரெத்தேவின் ஒரே மகன் 1387-ல் இறந்துபோக, வாரிசு வேண்டும் என்று தன் அக்கா மகளின் பிள்ளையைக் கூட்டிவந்து வளர்த்தார். வடநாட்டு ராஜாவுக்கு வடநாட்டுப் பெயர் வேண்டுமே, அதனால் பையன் எரிக் ஆனான். அப்போது அவனுக்கு ஆறேழு வயதுதான். ஊர், பெயர், தாய் தகப்பன் எல்லாவற்றையும் அந்த வயதில் விட்டு வந்த பிள்ளை என்பதை மறந்துவிட்டு அவருடைய பிற்காலத்தைப் படிக்கக் கூடாது.

இங்கே இப்போது நிற்பது க்ரோன்பொர்க் கோட்டை. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்துக்காக வருகிறார்கள். ஆனால் இதன் சுவர்களுக்குள் இன்னொரு கோட்டையின் சுவர்கள் இருக்கின்றன. அது 1420-களில் எரிக் கட்டிய க்ரோகன். 1429 வாக்கில் அவர் ஓர் ஏற்பாடு செய்தார்: இந்த நீரிணையைக் கடக்கும் ஒவ்வொரு கப்பலும் இங்கே நின்று ஒரு நோபிள் கட்ட வேண்டும். நோபிள் என்பது ஆங்கிலேயத் தங்கக் காசு, சுமார் 7 கிராம், நம் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சுங்கம் 1857 வரை வசூலானது. நானூறு வருடத்துக்கு மேல்! சுங்கத்தைப் போட்டவரோ அது தொடங்கிப் பத்து வருடத்தில் டென்மார்க்கின் அரியணையில் இல்லை.

கோட்டை மேட்டில் நின்று பார்த்தால் அவர் கணக்கு புரிகிறது. கப்பல்கள் எவ்வளவு பக்கத்தில் போகின்றன! மேல்தளத்தில் நிற்கும் ஆளின் சட்டை நிறம்கூடத் தெரிகிறது. இதைப் பார்த்த எந்த ராஜாவுக்கும் அந்த யோசனை வந்திருக்கும்.

மதியம் கம்பு ரொட்டிமேல் ஊறவைத்த ஹெர்ரிங் மீன், வெங்காயம், கேப்பர் வைத்துச் சாப்பிட்டோம். ஒரு தட்டு 98 க்ரோனர், காபி 45. பரிமாறிய பெண் தண்ணீர் ஜாடியை வைக்கும்போது, “குழாய்த் தண்ணீர்தான், காசு கிடையாது” என்று தானாகவே சொன்னார். விலையைப் பார்த்து எங்கள் முகம் மாறியதைக் கவனித்திருப்பார்.

செப்டம்பர் 2, செவ்வாய். கால்மருக்குப் போகும் வழி

காலையில் படகில் 20 நிமிடத்தில் ஸ்வீடன் கரை. அங்கிருந்து ரயில். லேண்ட்ஸ்க்ரூனா ஊரைத் தாண்டும்போது மனைவியை எழுப்பிக் காட்டினேன். 1413-ல் எரிக் உண்டாக்கிய துறைமுக நகரம் அது. ஹான்சா என்கிற ஜெர்மன் நகரக் கூட்டணியின் வணிகர்கள் கையில்தான் அன்றைக்கு இந்தக் கடலின் வியாபாரம் மொத்தமும் இருந்தது. உப்பு, மீன், இரும்பு, கம்பளி என்று எதைத் தொட்டாலும் அவர்கள். அவர்களை நம்பாமல் சொந்தமாகத் துறைமுகம், சொந்த நகரம், சொந்த வரி என்று கட்டிக்கொண்டு போனவர் எரிக். கோபன்ஹேகன் நகரத்தைப் பிஷப்பின் கையிலிருந்து அரசின் கைக்கு எடுத்துக்கொண்டதும் அவர்தான், 1417-ல்.

மழை தொடங்கிவிட்டது. வண்டியில் ஒருவரும் பேசவில்லை. கைப்பேசி அழைப்பு வந்த ஒரு பெரியவர் எழுந்து, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே கதவருகே போய் நின்று பேசிவிட்டு வந்தார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை.

செப்டம்பர் 3, புதன். கால்மர்

கோட்டை கடலை ஒட்டி, அகழியோடு நிற்கிறது. இன்று பார்க்கும் உருவம் பெரும்பாலும் 1500-களில் மாற்றிக் கட்டியது. ஆனால் இடம் அதேதான். 1397 ஜூன் 17 அன்று, இந்த ஊரில்தான் 15 வயது எரிக்குக்கு முடிசூட்டினார்கள்.

அந்தச் சமயத்தில் எழுதிய இரண்டு ஆவணங்கள் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று முடிசூட்டுப் பத்திரம். தோலில் எழுதி, 67 பேர் முத்திரை தொங்கவிட்டது. இன்னொன்று ஒன்றிய ஒப்பந்தம்: மூன்று நாடுகளும் இனி என்றைக்கும் ஒரே அரசரின் கீழ் இருக்கும், ஒன்றுக்குப் போர் வந்தால் மற்ற இரண்டும் துணைக்கு வரும், ஆனால் ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படிதான் நடக்கும். எவ்வளவு பெரிய விஷயம்! அதை எழுதியதோ காகிதத்தில். 17 பேர் முத்திரை வைக்க வேண்டிய இடத்தில் 10 முத்திரைதான் விழுந்திருக்கிறது, அதுவும் காகிதத்தின் மேலேயே அழுத்தியது. தோலில் நகல் எழுதி முறைப்படி முத்திரை தொங்கவிடுவதாகச் சொன்னார்களே தவிர, அப்படி ஒன்று இருந்ததற்குத் தடயமே இல்லை. மூலம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பையன் தலையில் கிரீடம் வைக்கும்போதே அதன் கீழே இருந்த தரை இவ்வளவுதான் உறுதியாக இருந்தது.

மார்கரெத்தே 1412-ல் கண்ணை மூடும்வரை எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். அதன் பிறகு எரிக்குக்கு வாய்த்த துணை, மனைவி ஃபிலிப்பா. இங்கிலாந்து அரசர் நான்காம் ஹென்றியின் மகள், 1406-ல் லுண்ட் நகரில் கல்யாணமாகும்போது வயது 12. எரிக் 1423-ல் கிளம்பி ஜெருசலேம் வரை யாத்திரை போய் 1425-ல் திரும்பும்வரை ராஜ்யத்தை ஃபிலிப்பாதான் நடத்தினார். 1428-ல் ஹான்சா கப்பல்கள் கோபன்ஹேகனைத் தாக்கியபோது ஊரைக் காத்து நின்ற பெயரும் அவருக்குத்தான். 1430-ல், 35 வயதில் போய்விட்டார். குழந்தை இல்லை. நான் எரிக்கின் கதையை எப்போது படித்தாலும் இந்த வருடத்தில் வந்து நின்றுவிடுவேன். அதற்குப் பிறகு அவருக்கு நல்லதாக நடந்தது மிகக் குறைவு.

சாப்பாடு: ஸ்வீடனில் மதிய நேரத்து ‘இன்றைய சாப்பாடு’ வாங்குவதுதான் கட்டுப்படியாகும். 135 க்ரோனா. உருளைக்கிழங்கு, சதகுப்பைக் கீரை (டில்) போட்ட வெள்ளைக் குழம்பில் மீன், சாலட், ரொட்டி, கடைசியில் காபி எல்லாம் அதற்குள்ளேயே. இதையே இரவில் கேட்டால் இரட்டிப்பு விலை. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் அடுக்க வேண்டும். முள்கரண்டிக்கு ஒரு கூடை, டம்ளருக்கு ஒரு கூடை.

செப்டம்பர் 4, வியாழன். ஒஸ்கர்ஸ்ஹாம்ன்

இன்று கோட்லாந்து தீவின் விஸ்பியில் இருந்து எழுதியிருக்க வேண்டிய பதிவு. கடலில் பலத்த காற்று, காலைக் கப்பல் கிடையாது என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது, நாங்கள் பெட்டியோடு துறைமுகத்தில் நின்ற பிறகு. அடுத்த கப்பல் இரவுதான். காத்திருக்கும் அறையில் காபி இயந்திரம் வேலை செய்யவில்லை, கேட்கலாம் என்றால் கவுண்டரில் ஆள் இல்லை.

கோட்லாந்துக்குத் திரும்பிப் போகும் ஒரு தம்பதி எங்களுக்கு எதிரே இருந்தார்கள். எழுபது வயது இருக்கும். ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் அந்த அம்மா எழுந்து வந்து, ஃபிளாஸ்கிலிருந்து இரண்டு காகிதக் கோப்பையில் காபி ஊற்றி, ஏலக்காய் பன் ஒன்றைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். ‘தீவுக்காரர்களுக்குக் காத்திருக்கத் தெரியும், உங்களுக்குப் பழக்கம் இருக்காது’ என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கே போய்விட்டார். பன்னில் ஏலக்காய் தாராளமாக இருந்தது. பொடியாக இல்லாமல் ஒன்றிரண்டாக இடித்துப் போட்டிருந்தார்கள்.

நேரம் கிடைத்ததால் எரிக் ஏன் விழுந்தார் என்று மனைவியிடம் விரிவாகப் பேசிக்கொண்டிருந்தேன். டென்மார்க்குக்குத் தெற்கே இருந்த ஹோல்ஸ்டைன் பிரபுக்களோடு 1410 முதல் சண்டை. 1426 முதல் ஹான்சாவோடும் சண்டை. ஹான்சா கடலை அடைத்தது. ஸ்வீடனின் டாலர்னா பகுதியில் இருந்த சுரங்கக்காரர்கள் வெட்டி எடுத்த இரும்பும் செம்பும் வெளியே போகவில்லை, வெளியிலிருந்து உப்பு வரவில்லை. போருக்கான வரி மட்டும் தவறாமல் வந்தது, அதுவும் காசாகக் கட்டச் சொல்லி. வசூலிக்க வந்த அதிகாரிகளில் பலர் டேனிஷ்காரர்கள், ஜெர்மானியர்கள். வெஸ்டெரோஸ் கோட்டையிலிருந்த யோஸ்ஸே எரிக்சன் என்கிற அதிகாரியின் கொடுமையைப் பழைய வரலாறுகள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. எதிர்த்தரப்பு எழுதியவை அவை, ஆனால் ஒன்றுமில்லாமலா அத்தனை ஜனம் கிளம்பியிருக்கும்? 1434 கோடையில் எங்கல்பிரெக்ட் என்கிற சுரங்க உரிமையாளர் தலைமையில் டாலர்னா எழுந்தது. கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மறு வருடம் எரிக் ஹான்சாவோடும் ஹோல்ஸ்டைனோடும் சமாதானம் செய்துகொண்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

“அப்போ தப்பு யார் மேலங்க?” என்றாள்.

கடலில் வழிப்போக்கர்கள் எல்லாம் லாபம் பார்க்க, கரைக்குச் சொந்தக்காரன் சும்மா இருக்க வேண்டுமா என்று எரிக் கேட்டது நியாயம். நீ நடத்தும் சண்டைக்கு என் வீட்டு உப்பு ஏன் நிற்க வேண்டும் என்று டாலர்னாக்காரன் கேட்டதும் நியாயம். ஆனால் என்னைக் கேட்டால், இரண்டாவது நியாயம்தான் பெரியது.

செப்டம்பர் 5, வெள்ளி. விஸ்பி, கோட்லாந்து தீவு

நள்ளிரவு தாண்டி வந்து சேர்ந்து, காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே மதில். ஊரைச் சுற்றி சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்புக்கல் மதில், கோபுரங்களோடு அப்படியே நிற்கிறது. உள்ளே கூரை போன தேவாலயங்கள், அவற்றை ஒட்டிச் சின்னச் சின்ன வீடுகள், வாசலில் ரோஜா. கோடைக் கூட்டம் போய்விட்டது. பாதி உணவகங்கள் மூடிக்கிடக்க, தெருவில் எங்கள் காலடிச் சத்தம்தான்.

மதிலின் தென்மேற்கு மூலையில், துறைமுகத்துக்கு மேலே இருந்தது எரிக்கின் விஸ்பொர்க் கோட்டை. ட்யூடானிக் சபை என்கிற ஜெர்மன் துறவி-வீரர்களின் கையிலிருந்த இந்தத் தீவை 1408-ல் 9000 நோபிள் கொடுத்து மீட்டார்கள். 1411-ல் எரிக் கோட்டை கட்ட ஆரம்பித்தார். 1679-ல் டேனிஷ் படை தீவை விட்டுக் கிளம்பும்போது வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. இன்று மிஞ்சியிருப்பது சில சுவர்த் துண்டுகள். தேடிப்போனால் ஒழியக் கண்ணில் படாது. ஒரு துண்டின் அருகே போய்ப் பார்த்தேன். கல்லுக்குள் சிறு சிறு சிப்பிகளும் வட்ட வட்டமான தண்டுத் துணுக்குகளும் பதிந்து கிடக்கின்றன. தீவே பழைய கடலடிப் படிவுதான், பவளத்திட்டுகளோடு. விரலால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது.

டென்மார்க் பிரபுக்களோடு எரிக்குக்கு கடைசித் தகராறு வாரிசு விஷயத்தில். பிள்ளை இல்லாததால் தன் சித்தப்பா பெரியப்பா வழித் தம்பி பொமரேனியாவின் ஒன்பதாம் பொகிஸ்லாவை அடுத்த அரசனாக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பிரபுக்கள் சபை ஒத்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு இந்தக் கோட்டைக்கு வந்து உட்கார்ந்தார். 1439-ல் டென்மார்க்கும் ஸ்வீடனும் அவரை நீக்கின. நார்வே மட்டும் கொஞ்ச காலம் விசுவாசமாக இருந்தது; 1442-ல் அதுவும் கைவிட்டது. அவருடைய இடத்துக்கு வந்தவர் சொந்தத் தங்கை மகன், பவேரியாவின் கிறிஸ்டஃபர்.

எரிக் நகரவில்லை. பத்து வருடம் இங்கேயே. ஃபிலிப்பாவின் தோழியாக இருந்த செசிலியா கூட இருந்தார். வரி தர நாடு இல்லாததால், போகிற வருகிற கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையடித்துத்தான் கோட்டை ஓடியது. முன்பு சட்டத்தின் பெயரில் ஹெல்சிங்கோரில் நிறுத்திய அதே கப்பல்கள். புகார் வந்தபோது கிறிஸ்டஃபர், ‘தாய்மாமன் ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறார், அவரும் பிழைக்க வேண்டாமா’ என்று சொன்னதாகக் கதை உண்டு. 1446-ல் மாமனும் மருமகனும் இந்தத் தீவில் நேரில் சந்தித்துப் பேசியும் ஒன்றும் ஆகவில்லை.

சுவரருகே காற்றில் நின்றபடி மனைவி கேட்டாள்: “ஏங்க, மூணு ராஜ்யம் ஆண்டுட்டு இந்த மூலைல பத்து வருஷம் உக்கார எப்படி மனசு வந்துச்சு?”

1448 ஜனவரியில் கிறிஸ்டஃபர் பிள்ளை இல்லாமல் இறந்தார். மூன்று அரியணையும் மறுபடி காலி. எரிக் உயிரோடு, கோபன்ஹேகனுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் எட்டும் தூரத்தில், இதே கோட்டையில். ஸ்வீடன் கார்ல் க்னுட்சனைத் தேர்ந்தெடுத்தது, டென்மார்க் முதலாம் கிறிஸ்டியனை. அந்தச் செய்தி கப்பலில் வந்து சேர்ந்த நாளை நினைத்தால் எனக்கு வயிறு பிசைகிறது. அவர் காத்திருந்தது அதற்குத்தான் என்று நான் நம்புகிறேன். மனைவியிடமும் அதையே சொன்னேன்.

மாலை குங்குமப்பூ பான்கேக் தேடி அலைந்தோம். கடைசியில் ஒரு சின்ன காபிக்கடையில் கிடைத்தது, துண்டு 95 க்ரோனா. பான்கேக் என்று பெயர்தான். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, குங்குமப்பூவும் பாதாமும் முட்டையும் சேர்த்து அடுப்பில் சுடுகிறார்கள். வெல்லம் குறைத்த பால் பொங்கலைத் தட்டில் ஊற்றி ஓவனில் வைத்து எடுத்தது போல இருந்தது. மேலே சால்ம்பேர் என்கிற தீவுப் பழத்தின் ஜாமும் அடித்த க்ரீமும். புளிப்பான அந்த ஜாம் இல்லாவிட்டால் ரசிக்காது. கடைக்காரப் பெண், நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை கடை சாத்தும் நேரத்தைத் தாண்டி விளக்கை அணைக்காமல் இருந்தார்.

செப்டம்பர் 7, ஞாயிறு. க்டான்ஸ்க், போலந்து

நேற்று விஸ்பியிலிருந்து நீனஸ்ஹாம்ன், அங்கிருந்து இரவுக் கப்பல். லாரி ஓட்டுநர்கள் நிறைந்த கப்பல். புளித்த மாவில் செய்த ஷூரெக் சூப், வெள்ளைத் தொத்திறைச்சி, அவித்த முட்டை. ஸ்வீடன் விலைக்குப் பிறகு இங்கே ஒவ்வொரு பில்லும் சந்தோஷம். நடுக்கடலில் ஆட்டம் அதிகம். மனைவி இரவு முழுக்கத் தூங்கவில்லை. இன்று ஓய்வு.

செப்டம்பர் 8, திங்கள். தார்வோவோ

எரிக் 1449-ல் இதே திசையில்தான் வந்தார். கார்ல் க்னுட்சனின் படை விஸ்பொர்க்கை முற்றுகையிட்டது. எரிக் கோட்டையை ஸ்வீடனுக்குக் கொடுக்காமல் டென்மார்க்கின் கையில் ஒப்படைத்துவிட்டுக் கடலேறினார். அப்போது வயது 67 இருக்கும்.

ஸ்வாவ்னோ போகும் ரயிலில் எதிரே ஒரு பாட்டி. பொதுவாக ஒரு மொழி எங்களுக்கு இல்லை. மடியில் ஒரு பை நிறைய நீலக்கருப்பில் பிளம் பழம். கைக்குட்டையில் துடைத்துத் துடைத்து மனைவி கையில் வைத்துக்கொண்டே வந்தார். போதும் என்று கை காட்டினால் இன்னும் இரண்டு. கொட்டை போட ஒரு காகிதப் பையை மடித்து வைத்ததும் அவரே. ஸ்வாவ்னோவில் தார்வோவோ வண்டி நாங்கள் இறங்குவதற்குள் கிளம்பிவிட்டது. மழையில் இரண்டு மணி நேரம், கூரையில் ஒழுக்கு. என் ஷூ இன்னும் காயவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய். தார்வோவோ

காலையில் வெளுத்துவிட்டது. சின்ன ஊர். செங்கல் கோட்டை, செங்கல் தேவாலயம், சதுக்கம், வியெப்ஷா ஆறு. கோட்டை எரிக்கின் தாத்தா ஐந்தாம் பொகிஸ்லாவ் 1352 வாக்கில் கட்டத் தொடங்கியது. எரிக் பிறந்த ஊர் இது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகித் திரும்பி வந்து, ஸ்வூப்ஸ்க் பகுதியின் பிரபுவாக இன்னும் பத்து வருடம் இங்கே ஆண்டிருக்கிறார். எனக்குப் பெரிய ஆச்சரியமே இதுதான். பட்டம் பறிபோன ராஜாக்கள் சிறையிலோ கத்தியிலோ முடிவதைத்தான் அதிகம் படித்திருக்கிறோம். இவரைக் கவிழ்த்த எங்கல்பிரெக்டை 1436-ல் கோடாலியால் வெட்டிக் கொன்றார்கள். யோஸ்ஸே எரிக்சனும் அதே வருடம் கொலையுண்டார். எரிக் 1459-ல், 77 வயதில், சொந்த ஊரில் கண்ணை மூடினார்.

மேரி தேவாலயத்தில் கோபுரத்துக்குக் கீழே உள்ள அறையில் மூன்று கல்லறைப் பேழைகள். இரண்டு, பிற்காலத்தில் 1600-களில் இறந்த இரு பிரபுகுலப் பெண்களுடையவை. மூன்றாவது எரிக்குடையது, மணற்கல். கதவைத் திறந்துவிட்ட முதியவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ஹெல்சிங்கோர், கால்மர், விஸ்பி என்று வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். மற்ற இரண்டைப் பார்க்க வந்த கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, எங்களை மட்டும் இருக்கச் சொல்லி விளக்கைப் போட்டார். அவ்வளவு நேரம் தருவார் என்று எதிர்பார்க்கவில்லை.

மூன்று நாட்டுக் கோட்டைகளில் எங்கேயும் கிடைக்காத மரியாதை அவருக்கு இந்த ஊரில் இருக்கிறது. பால்டிக் கடலின் கடைசி வைக்கிங் என்று இங்கே கொண்டாடுகிறார்கள். கொள்ளையடித்ததை எங்கோ புதைத்துவைத்தார் என்று புதையல் கதைகளும் உண்டு. எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. சுங்கமும் துறைமுகமும் நகரங்களும் யோசித்து யோசித்துக் கட்டிய மனிதரைக் கடற்கொள்ளைக்காரராக மட்டும் நினைவில் வைப்பது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

மாலை, ஆறு கடலில் சேரும் தார்வூவ்கோவுக்குப் போனோம். மீன்கடைப் பலகையில் தட்டைமீன் 12 ஸ்வோட்டி என்று போட்டிருந்தது. அது 100 கிராமுக்கு என்பதைப் பக்கத்து மேசைக்காரர் தராசைக் காட்டி விளக்கினார். எங்கள் மீன் 420 கிராம் இருந்தது. மொறுமொறுவென்று பொரித்து, முட்டைக்கோஸ் சாலட்டோடு கொடுத்தார்கள். முள் அதிகம், ருசி அதைவிட அதிகம். கடைக்கார அம்மாவிடம் எரிக் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து, மகளைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். பள்ளியில் அவரைப் பற்றிப் பாடம் இருந்ததாம், கோட்டைக்கு இரண்டு முறை கூட்டிப் போனார்களாம். டாலர்னாக்காரர்களைப் பற்றி அந்தப் பெண் கேள்விப்பட்டதில்லை. உப்பு நின்ற கதையைச் சொன்னேன். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அப்படியென்றால் அவர்கள் கோபப்பட்டது சரிதானே” என்றாள்.